ஒப்பந்தம் கையெழுத்தான வாரம்

எங்கள் வீட்டு மாடியறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவள் அசாமிலிருந்து வந்த ஒரு நேர்ஸ். போடோ இனத்தவள். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெரு முனையில் பஸ் பிடித்தால் நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம் என்பதற்காக எங்களிடம் வந்தாள். முதல்நாள் அவள் பெட்டியோடு படியேறிப் போனதும் என் கணவர் மெதுவாக, "பிலிப்பைன்ஸ் பிள்ளை போல கிடக்கு" என்றார். இந்தியா என்று அவள் சொன்னபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு அது பழகியிருந்தது. "டெல்லியில் படித்தபோதே என்னை எந்த நாடு என்றுதான் கேட்பார்கள்" என்று சிரித்தாள்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஆனாலும் தமிழ்க் கடைகளில் என்னை எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அக்கா என்று அழைக்கத் தொடங்கினாள். ஒரு சனிக்கிழமை அவள் கருவாடு சமைத்தபோது, வாசனைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குசினி ஜன்னலைத் திறந்தாள். நான் அதைச் சாத்திவிட்டு ஒரு சாப்பாட்டுக் கோப்பையோடு பக்கத்தில் போய் நின்றேன். அன்றிலிருந்து அவள் எனக்கு வாடகைக்கு இருக்கிறவளாகத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்பதை இரண்டாம் வருடம்தான் சொன்னாள். தோட்டத்தில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்துத் தந்தபடி, "என் அண்ணன் காட்டில் இருக்கிறான்" என்றாள். எந்தக் காடு, ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வசனத்துக்கு ஒரே அர்த்தம்தான். பிறகு அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போடோ மக்கள் தங்கள் நிலத்துக்கும் மொழிக்கும் தனி மாநிலம் கேட்டுப் பல வருடமாகப் போராடியவர்கள். ஏற்கெனவே இரண்டு ஒப்பந்தங்கள் வந்திருந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதியார் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப, இன்னொரு பகுதியார் ஆயுதத்தோடு காட்டுக்குள் போனார்கள். அவள் அண்ணன் போனது பத்தொன்பது வயதில். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு ஆற்றங்கரையில், அரை மணி நேரம் அவனைப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாவது ஒப்பந்தம் கையெழுத்தானது ஒரு திங்கட்கிழமை. தை மாதம். எனக்கு லீவு நாள். அவள் காலை ஷிப்ட் முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, கையெழுத்தாகிவிட்டது."

டெல்லியில் ஒரு நீண்ட மேசை. கழுத்தில் நெய்த சால்வை போட்டவர்கள் வரிசையாக இருந்து கையெழுத்துப் போட்டார்கள். தனி மாநிலம் இல்லை என்று அவள் விளக்கினாள். ஆனால் அவர்களுடைய பிரதேசத்துக்குக் கூடுதல் அதிகாரம், புதுப் பெயர், போடோ மொழிக்கு மாநில அரசில் ஓர் இடம். எல்லைக்கோட்டுக்கு வெளியே விடுபட்ட கிராமங்களைச் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு ஆணைக்குழு. அவளுடைய கிராமம் அப்படி விடுபட்ட ஒன்று. பெரிய குற்றம் இல்லாத வழக்குகளை மீளப்பெறுவார்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மூன்று நாளில் எல்லாரும் குவாஹாட்டியில் ஆயுதங்களைக் கொடுக்கப்போகிறார்கள்.

சொல்லிக்கொண்டே அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நான் "நல்லது, நல்லது" என்றேன். கேத்திலைக் குழாயடியில் பிடித்தேன். அது நிரம்பி வழிந்து என் சட்டைக்கை நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

"உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா அக்கா?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அலுமாரியைத் திறந்தேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. மூடிவிட்டுக் கீழே வந்தேன். கீழே வந்ததும் திரும்ப மேலே போகவேண்டும் போலிருந்தது.

என் கணவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் பக்கத்தில் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வருவதால் வீட்டில் எதற்கும் அவசரப்படமாட்டார். செய்தியைக் கேட்டதும், "நல்ல விசயம்தானே. நீர் ஏன் இப்பிடி முகத்தை வச்சுக்கொண்டு இருக்கிறீர்?" என்றார்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ மூண்டு தரம் கதவு பூட்டியிருக்கோ எண்டு பாத்தனீர்?"

அடுத்த நாள் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரு கிழவருடைய இரத்த அழுத்த மாத்திரையில் வேறொருவருடைய லேபிளை ஒட்டிவிட்டேன். பதினாறு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. பார்மசிஸ்ட் கவனித்துக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைத் திட்டாமல், "போய்க் கொஞ்சம் வெளியில் நில்லுங்கள்" என்றார். பின்பக்கத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அவள் குசினியில் எனக்காகக் காத்திருந்தாள். அண்ணன் போனில் கிடைத்துவிட்டானாம். போன இலையுதிர் காலத்திலேயே காய்ச்சலோடு காட்டு முகாமைவிட்டு வந்து, எல்லைப்பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தெரிந்தவர் வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருக்கிறான். கூட இருந்தவர்கள் எல்லாரும் ஆயுதம் கொடுப்பவர்களின் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவனும் கொடுக்கலாம். நாளைக்குள் சொல்லவேண்டும். அம்மா வா என்கிறாள். அவனுக்குப் பயம்.

"வீட்டில் நான்தான் படித்தவள் என்று என்னைக் கேட்கிறார்கள். என்ன சொல்ல?"

"பெயர் கொடுக்கவேண்டாம் என்று சொல்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. "ஏன்?"

"பட்டியல் என்றால் இன்றைக்கு மாலை போடப் பயன்படும். நாளைக்கு வீடு தேடி வரவும் அதே பட்டியல்தான்."

"வராவிட்டால்? இன்னும் பன்னிரண்டு வருடமா? அந்தப் பின்னறையிலா?" அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "உங்கள் நாட்டில் நடந்தது உங்கள் நாட்டில் நடந்தது அக்கா."

மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் ஹோலுக்கு நேர் மேலேதான் அவளுடைய அறை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக அவள் நடப்பது கேட்டது. கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீர் என்னத்துக்கு அந்தப் பிள்ளையின்ர குடும்ப விசயத்துக்குள்ள தலையை விடுறீர்?"

"கேட்டாள். சொன்னன்."

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்குத் தெரியுமே.

எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் நாட்டிலும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. யாழ்ப்பாணத்தில் சனங்கள் வீதிக்கு வந்து வெளிநாட்டு ஆமிக்காரருக்குக் கை காட்டினார்கள். எனக்கு ஒரு அண்ணை. அவரும் இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம் வீட்டில் இல்லை. அம்மா ஒரு துண்டுக் கடிதம் எழுதி, மடித்து, என் சைக்கிளில் என்னை அனுப்பினாள். ஒன்பது மைல். "எல்லாம் முடிஞ்சுது, வீட்டை வா ராசா" என்று அதில் இருந்தது. வழியில் பிரித்துப் படித்தேன். அண்ணை அதை வாசித்துவிட்டு என்னிடம், "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். பெரிய ஆட்களைக் கேட்பது போலக் கேட்டார். நான், "வாங்கோ அண்ணை" என்றேன். துவக்கைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு மாதமும் சில நாட்களும் வீட்டில் இருந்தார். பிறகு மறுபடியும் சண்டை தொடங்கியது. ஒரு காலை நான்கு பேர் வந்து, அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டு, கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவர் திரும்பவில்லை.

என் கணவருக்கு நான் சொன்னதெல்லாம், அண்ணை பிரச்சினைக்குள்ளே காணாமல் போனார் என்பதுதான். கடிதத்தை நான் கொண்டுபோனதைச் சொன்னதில்லை. கணவருடைய குடும்பத்திலும் அப்படி இரண்டு பேர். யாரும் யாரிடமும் விபரம் கேட்டுக்கொள்வதில்லை. மாடியறைப் பிள்ளைக்கும், அண்ணை ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தார், பிறகு காணாமல் போனார் என்று மட்டும் ஒருதரம் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை மத்தியானத்தோடு லீவு சொல்லிவிட்டு வந்தேன். அவள் கீழே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை.

"அக்கா, அவனிடம் நீங்களே சொல்லுங்கள். வரவேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. வா என்று சொல்லவும் இப்போது பயமாக இருக்கிறது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அவன் முடிவெடுக்கட்டும்."

குசினி மேசையில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். பலகைச் சுவருக்கு முன்னால் ஒரு மெலிந்த முகம் வந்தது. தொப்பி போட்டிருந்தான். முப்பத்தொரு வயதுக்காரன் என்னைவிட மூத்தவனாகத் தெரிந்தான். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் ஒரு பக்கமாகத் திரும்பி எதையோ கேட்டான். அந்தத் திரும்பலை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அவன் தன் மொழியில் கேட்டான். அவள் சொன்னாள்: "உங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்ததாமே, அண்ணனும் வந்தாராமே, என்ன நடந்தது என்று கேட்கிறான்."

நான் சொன்னேன். கடிதம், சைக்கிள், நான்கு பேர். என் வாழ்க்கையில் அதை முழுதாக யாருக்கும் சொல்வது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒருவனுக்கு, இன்னொருத்தியின் வாய் வழியாக. அவள் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள். "நான்தான் வாங்கோ என்றேன்" என்று நான் சொன்னதும் நிறுத்தி, என்னைப் பார்த்து, பிறகு அதையும் சொன்னாள்.

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"வீட்டில் இருந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்கிறான்."

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை. அண்ணையைப் பற்றி நினைத்தால் அந்த நான்கு பேர் வாசலில் நிற்பதோடுதான் தொடங்கும்.

"முதல் கிழமை முழுக்கத் தூங்கினார்" என்றேன். "பகலிலும் தூங்கினார். நாய் குரைத்தால் எழும்பி உட்காருவார். பிறகு பிறகு எழும்பவில்லை. என் சைக்கிள் பிரேக்கைத் திருத்தினார். எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தார், பிழையாக. டீச்சர் எனக்குக் குட்டினார். அப்பாவோடு ரேடியோவுக்குச் சண்டை பிடித்தார். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் தானும் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவர், 'என்னணை அம்மா, நான் என்ன படமோ பாக்கிறதுக்கு' என்று கேட்பார்."

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நான் சிரித்தேன். அவள் மொழிபெயர்த்துச் சொன்னபோது போனுக்குள் அவனும் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

அவன் தங்கையிடம் ஏதோ சொன்னான். போன் அணைந்தது.

"என்ன சொன்னான்?"

"'இரண்டு மாதமா?' என்று கேட்டான். 'எனக்கு இரண்டு மாதம் கிடைத்தால் போதும்' என்றான்."

நான் போனை அவள் பக்கம் தள்ளினேன். "திரும்ப எடு. நான் அதற்குச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். எடு." அவள் எடுத்தாள். மணி போகவில்லை. இன்னொரு தடவை எடுத்தாள். அவன் போனை நிறுத்திவிட்டான். அவள் சின்னக் குரலில், "நீங்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன் அக்கா" என்றாள்.

வீட்டுச் செருப்போடு வெளியே வந்துவிட்டேன். பாதித் தெருவில்தான் தெரிந்தது. திரும்பிப் போய்ச் சப்பாத்து மாட்டினேன். எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஏறி, மாறி, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். பின்னேரப் பூசை தொடங்கியிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பாதியிலேயே நின்றேன். என்ன கேட்பது? அவன் போகக்கூடாது என்றா, போனால் ஒன்றும் நடக்கக்கூடாது என்றா? இரண்டையும் எப்படிக் கேட்பது? விபூதி எடுக்காமல் வெளியே வந்தேன். பஸ்ஸில் இரண்டு ஸ்டொப்புக்கு முன்பே இறங்கி நடந்தேன். பஸ்ஸில் உட்கார ஏலவில்லை.

வீட்டில் கணவர் சோறு போட்டு மூடிவைத்திருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தொரு வருடக் கலியாணத்தில் சொல்லாததை, கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, நின்றபடி சொன்னேன். அவர் சோற்றுத் தட்டின் மூடியை எடுத்து வைத்தார். கடைசியில், "உமக்கு அப்ப பதின்மூண்டு வயசு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கடிதத்தை எழுதினது நீர் இல்லை" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை விடியவே மூன்று பேரும் குசினியில் இருந்தோம். குவாஹாட்டியில் அப்போது மத்தியானம். போனின் சின்னத் திரையில் பச்சை உடுப்பும் கழுத்தில் சால்வையுமாக ஆண்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவராகத் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனார்கள். கமரா ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவள் முகத்தைத் திரைக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, "இவனா... இல்லை. இவனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அவனைக் காணவில்லை. முடியும்போது அவளுடைய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு ஓடினாள்.

போயிருக்கிறான் என்பது இரவு அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அங்கேயே முகாமில் வைத்திருந்தார்கள். மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு விட்டார்கள். அம்மா அனுப்பிய படத்தில் அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். முகம் தெரியவில்லை. தட்டுக்குள் குனிந்திருந்தான். அவள் அந்தப் படத்தை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன். அவள் சித்திரையில் அவர்களுடைய புதுவருடத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். அதற்குள் உலகமே பூட்டிக்கொண்டது. விமானம் இல்லை. அவள் நாள் முழுக்க முகக்கவசத்துக்குள் வேலை செய்துவிட்டு, மூக்கில் தழும்போடு வருவாள். தோட்டத்துப் பக்கத்தால் வந்து, எங்களைத் தொடாமல் மாடிக்குப் போவாள். இப்போது பயப்படும் முறை அண்ணனுடையது. ஒவ்வொரு நாளும் எடுத்து, சாப்பிட்டாயா, கை கழுவினாயா, அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று கெஞ்சினானாம். "துப்பாக்கியோடு திரிந்தவன், ஒரு கிருமிக்கு இப்படி நடுங்குகிறான்" என்று படிக்கட்டின் மேலிருந்து சொன்னாள்.

என் அண்ணை வீட்டில் இருந்த நாட்களின் எண்ணிக்கையை அவன் தாண்டியது மே மாதத்தில். அன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் எண்ணினேன். அதற்கடுத்த நாள் எண்ண மறந்துபோனேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அவளால் போக முடிந்தது. திரும்பி வந்தபோது எனக்கு ஒரு மஞ்சள் சால்வை கொண்டுவந்தாள். அண்ணன் பன்றி வளர்க்கிறானாம், ஒரு மீன்குளம் வெட்டியிருக்கிறானாம். அவனுடைய வழக்கு மீளப்பெறும் பட்டியலில் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கும் பட்டியலில் கிடக்கிறது. தவணைக்குத் தவணை டவுனுக்குப் போய் நீதிமன்ற வாசலில் காத்திருந்துவிட்டு வருகிறான். கிராமத்தை எல்லைக்கோட்டுக்குள் சேர்ப்பது பற்றி ஆட்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதுவும் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகை மட்டும் புதிதாம். "ஆனால் சண்டை இல்லை அக்கா" என்றாள். "பொழுது பட்ட பிறகும் சனங்கள் சைக்கிளில் போகிறார்கள்."

இப்போது அவள் லண்டனின் தென்பக்கத்தில் மிட்சம் என்ற ஊரில் ஒரு பிளாட் எடுத்து இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் ட்ராம் பிடித்துப் போவேன். போன தடவை போனபோது கதவைத் திறந்ததுமே எரிச்சலோடு சொன்னாள்: "அவனுக்கு லண்டன் வரவேண்டுமாம். வீட்டில் இருக்க முடியவில்லையாம். வழக்கு முடியாமல் பாஸ்போர்ட்டே கிடைக்காது. சொன்னால் கேட்கிறானில்லை. அம்மா அழுகிறாள். நீங்கள் சொல்லுங்கள் அக்கா, நீங்கள் சொன்னால் கேட்பான்."

"நான் இனி அவனுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். அவன் குளத்தங்கரையில் நின்றான். சதை போட்டிருந்தான். பல் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும், "அக்கா" என்று தமிழில் கூப்பிட்டான். பிறகு தன் மொழியில் வேகமாகப் பேசினான்.

"படிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறான்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னேன். வேர்ஹவுஸ், கெயர் ஹோம், ரெஸ்டோரண்ட் கிச்சன். விடிய நான்கு மணிக்கு எழும்பவேண்டியிருக்கும் என்றேன். குளிர் என்றேன். அவன் அடுத்ததைக் கேட்டான், பிறகு அதற்கடுத்ததைக் கேட்டான். நடந்துகொண்டே கேட்டான். குளமும் மரங்களும் அவனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே இருந்தன. எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.